வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி, கால்வலிக்கு மரத்தரை

அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 2017-ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. நாற்பது வயதை எட்டிய, கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிந்த, அதுவரை கண்ணாடி போட்டே அறியாத 751 பேர். எல்லோரும் கொழுந்து பறிப்பவர்கள். குலுக்கல் முறையில் இவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள்; மறு பிரிவுக்குச் சோதனை முடிந்த பிறகு. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத் தராசுக் கணக்கை ஒப்பிட்டபோது, கண்ணாடியால் மட்டும் கூடிய உற்பத்தி சுமார் 22 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அது 30 சதவீதத்துக்கும் மேல். ஒரு கண்ணாடிக்கு ஆன செலவு பத்து டாலர் அளவு. மறு ஆண்டு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்த முடிவு வெளியானது.

அந்த 22 சதவீதம் அதற்கு முன் எங்கே போயிருந்தது என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஒரு பெண் முன்பு பறித்ததைவிடக் குறைவாகப் பறித்தால் தோட்டத்தில் என்ன சொல்வார்கள்? "வயதாகிவிட்டது, கை ஓடவில்லை" என்பார்கள். கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. எது இளங்கொழுந்து, எது முற்றல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளெழுத்து என்று நாம் சொல்லும் இந்தக் குறைக்குச் சாளேசுவரம் என்றொரு பழைய பெயரும் உண்டு. இந்தியில் நாற்பதைக் குறிக்கும் 'சாளீஸ்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். எந்த வயதில் வரும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் குறை. ஆனாலும் வேலைக்கு எடுக்கும்போது கண்ணைச் சோதிக்கும் நிறுவனங்களில் எத்தனை, அதே ஆளை 45 வயதில் மறுபடி சோதிக்கின்றன?

வயதாகும் தொழிலாளர்களுக்காக நிறுவனங்கள் எப்படித் தயாராவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பெரிய பெரிய பதில்கள் வருகின்றன: தானியங்கி எந்திரங்கள், ஓய்வு வயதுச் சீர்திருத்தம், புதுத்திறன் பயிற்சி. எனக்குப் பிடித்த பதில்கள் இதைவிடச் சிறியவை. அவை மலிவானவையும்கூட. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அவை எல்லாமே தொழிலாளி வாயைத் திறந்து "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று சொல்வதில் தொடங்குகின்றன. அப்படிச் சொல்ல அவருக்குத் துணிவு வருமா என்பதில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது ஜெர்மனி, ஜப்பான் கதை என்று ஒதுங்கிக்கொள்ள வசதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கே 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு போட்ட கணிப்பின்படி 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும். ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 2020-இல் 1.4, மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். 2040-இல் ஆலை வாசலில் வந்து நிற்க வேண்டிய இருபது வயதுக்காரர்கள் இந்தக் குறைந்த கணக்கில்தான் பிறந்திருக்கிறார்கள்.

இது கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பூரிலும் கோவையிலும் நூற்பாலைக்குள் நுழைந்தால் இளம் முகங்கள்தான் தெரிகின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நிரந்தரப் பணிக்கு ஆள் எடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பழைய ஆலைகளில் இரண்டு பட்டியல்கள் அருகருகே ஓடுகின்றன: நிரந்தரப் பட்டியலில் நரை, ஒப்பந்தப் பட்டியலில் அரும்பு மீசை. இரண்டையும் கூட்டிச் சராசரி வயது 33 என்று நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். ஆனால் எந்திரத்தின் குணம் தெரிந்தவர்கள் முழுக்க ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியேறவும் போகிறார்கள்.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. மொத்தச் சராசரியால் பயன் இல்லை. பிரிவு பிரிவாக, எந்திரம் எந்திரமாக, இந்த வேலை தெரிந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வயது, ஐந்து ஆண்டில் என்ன ஆகும், பத்து ஆண்டில் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

டிங்கோல்ஃபிங்கில் நடந்தது

இப்படி எண்ணிப் பார்த்து அதன்படி நடந்த இடம் என்றால், ஜெர்மனியின் கீழ் பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையைத்தான் சொல்வேன். 2007-இல் அங்கே தொழிலாளர்களின் சராசரி வயது 39. பத்து ஆண்டு கழித்து, 2017-இல், அது 47 ஆகிவிடும் என்று கணக்கு சொன்னது. வயதான பிறகு நோய் விடுப்பு கூடும், வேகம் குறையும் என்ற கவலை. ஆட்களை வெளியேற்றுவதோ முன்கூட்டியே ஓய்வு கொடுப்பதோ அந்த வட்டாரத்தில் எளிதல்ல; ஊரே அந்த ஆலையை நம்பி இருக்கிறது.

அவர்கள் செய்தது புத்திசாலித்தனமானது. காரின் பின் அச்சுக்கான கியர்பாக்ஸ் பூட்டும் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள். 42 பேர் வேலை செய்யும் வரிசை. அதில் ஆட்களை மாற்றி அமைத்து, சராசரி வயது 47 வரும்படி செய்தார்கள். அதாவது 2017-இன் வயதுக் கலவையை 2007-லேயே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்கள். வயதானவர்களை மட்டும் ஓர் ஓரமாகக் கூட்டி வைக்கவில்லை. இளையவர்களும் அதில் இருந்தார்கள். இருந்தும் மற்ற வரிசைக்காரர்கள் அதைப் "பென்ஷன்காரர் வரிசை" என்று கிண்டல் செய்தார்கள். சேரச் சொன்னபோது பலருக்கு விருப்பமில்லை. தங்கள் வேகம் குறைந்துவிடும் என்று இளையவர்கள் தயங்க, பழகிய இடத்தை விட்டு வர மூத்தவர்களுக்கு மனமில்லை.

அதன் பிறகு பொறியாளர்கள் வரைபடத்தோடு வரவில்லை. என்னென்ன வலி, வேலையில் எதை மாற்றினால் சுலபமாக இருக்கும் என்று அந்த 42 பேரிடமே கேட்டார்கள். எதை முதலில் செய்வது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இப்படிச் சேர்ந்தவை 70 மாற்றங்கள். கான்கிரீட் தரையின் மேல் மரத்தரை போட்டார்கள். நாள் முழுவதும் நிற்கும் முழங்காலுக்கு அது இதமாக இருந்தது. முடிதிருத்தும் கடையில் இருப்பது போன்ற நாற்காலிகள் வந்தன. சில வேலைகளை உட்கார்ந்தும், இடையில் சற்றுச் சாய்ந்தும் செய்ய முடிந்தது. பாதத்துக்கு ஏற்ற காலணி, சிறிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துள்ள திரை, ஆளுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் மேசை, கைப்பிடி தடித்த கருவி. கூடவே ஒரு ஷிஃப்டுக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்வது, ஒரே தசை எட்டு மணி நேரம் உழைக்காமல் இருக்க. உடற்பயிற்சி நிபுணர் ஒருவர் சில நிமிடப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கூச்சப்பட்டவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

பொருட்செலவு சுமார் 20,000 யூரோ. கூடிப் பேசிய நேரத்துக்கான சம்பளத்தையும் சேர்த்தால் 40,000 யூரோ. ஒரு கார் ஆலைக்கு இது சில்லறைக் காசு. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடி, இளையவர்கள் நிறைந்த வரிசைகளுக்குச் சமமாக வந்து நின்றது. வேலைக்கு வராமை 7 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகச் சரிந்தது. ஆலையின் சராசரியைவிட அது குறைவு. பழுது பூஜ்யத்துக்கு இறங்கியது.

இந்தக் கதையைக் கேட்கும் முதலாளிகள் மரத்தரையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம். மரத்தரையை யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். எந்த இடத்தில் போட வேண்டும் என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும்.

எது குறைகிறது, எது குறைவதில்லை

வயதானால் உற்பத்தி குறையும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? ஜெர்மனியின் லாரி பூட்டும் ஆலை ஒன்றில் அக்ஸல் பியோர்ஷ்-சூப்பான், மத்தியாஸ் வைஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நான்கு ஆண்டுத் தரவை எடுத்துப் பிழைகளை எண்ணினார்கள். மூத்தவர்கள் சற்றுக் கூடுதலாகத் தவறுகிறார்கள். ஆனால் பெரிய சேதம் விளைவிக்கும் தவறுகளை அவர்கள் குறைவாகச் செய்கிறார்கள். பிழையின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அறுபது வயது வரை சரிவு தெரியவில்லை. அவசரத்தில் என்ன செய்யக்கூடாது என்பதை அனுபவம் சொல்லித் தருகிறது போலும்.

குறைபவை வேறு. கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. அறுபது வயது விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சமநிலை தளர்கிறது. வெயிலைத் தாங்கும் திறன் குறைகிறது; வியர்வை குறைவாகவும் தாமதமாகவும் வருகிறது, தாகமும் முன்போல் எச்சரிப்பதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவது கடினமாகிறது. சென்னை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் செய்யும் 55 வயதுக்காரருக்கு இவை நான்கும் ஒரே நாளில் சேர்ந்து வரும்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். மூத்தவர்களை வேலையில் வைத்திருப்பதில் அந்த நாடு யாரையும்விட முன்னே போய்விட்டது. விரும்பும் எல்லோருக்கும் 65 வயது வரை வேலை தர வேண்டும் என்ற கடமை 2013 முதல். 70 வரை வாய்ப்பு தர முயல வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் முதல். ஆனால் வேலையிடத்தில் காயம்படுபவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இப்போது 60 வயதைக் கடந்தவர்கள். உழைப்பவர்களில் அவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. காயங்களில் பெரும்பங்கு விழுவதால், வழுக்குவதால். ஈரத் தரை, கைப்பிடி இல்லாத படி, மங்கிய விளக்கு. ஆளை வைத்துக்கொண்டார்கள், தரையை மாற்றவில்லை. 2020-இல்தான் வயதுக்கேற்ற வேலையிடம் பற்றிய வழிகாட்டுதலை அந்நாட்டு அரசு வெளியிட்டது.

நம்மிடம் சட்டத்தின் துணை கொஞ்சம் இருக்கிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்றவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தத்தால் கொடுத்தது. கேரளம் 2018-லேயே கொடுத்திருந்தது. இருக்கை போட்டாயிற்றா, அதில் உட்கார விடுகிறார்களா என்பது தீபாவளி நேரத்தில் தியாகராய நகரில் ஒரு கடைக்குள் நுழைந்தால் தெரிந்துவிடும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. நல்ல விதி. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எழுதப்பட்ட அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்பதில் அதன் கதி இருக்கிறது. தகுதியற்றவர் என்று வெளியே அனுப்ப அது பயன்படும் என்று ஒரே ஒருமுறை தெரிந்தால் போதும், அடுத்த ஆண்டு முகாம் நாளில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில்தான் வேலை செய்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெடுவது, திடீரென்று உடல் கொதிப்பது, மூட்டு பிடிப்பது எல்லாம் உற்பத்தி வரிசையில் நிற்கும்போதும் நடக்கும். இதற்கு வேண்டியவை எளியவை: ஒரு மின்விசிறி, குடிநீர், கேட்டவுடன் கழிப்பறைக்கு விடும் மேற்பார்வையாளர். மூன்றாவதுதான் கிடைப்பது அரிது.

மேற்பார்வையாளர் என்றதும் ஃபின்லாந்து ஞாபகம் வருகிறது. அங்கே யூகானி இல்மரினென் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1981 முதல் பதினோரு ஆண்டுகள் நகராட்சி ஊழியர்களைப் பின்தொடர்ந்து, வேலை செய்யும் திறன் யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது என்று பார்த்தார்கள். திறன் கூடியவர்களிடம் தெரிந்த காரணங்களில் ஒன்று, அவர்களின் மேலாளர் நடந்துகொள்ளும் விதம் மேம்பட்டிருந்தது.

சால்வையும் சுவர்க்கடிகாரமும்

ஓய்வு பெறும் நாளில் சால்வை, சுவர்க்கடிகாரம், ஒரு குரூப் போட்டோ. அதற்கு முந்தைய மாதம் வேலை பழக வந்த யாரோ ஒருவரைக் கூட அனுப்பி, "அண்ணன் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொள்" என்பார்கள். முப்பது ஆண்டு வேலை ஒரு மாதத்தில் கைமாறுவதாக ஐதீகம். பேரிங் தேயும் சத்தத்தைக் காதால் கேட்டே சொல்லும் ஃபிட்டரும், உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்து இப்போது ஊற்றலாம் என்று சொல்லும் வார்ப்பாலைக்காரரும் அதை எந்தக் கையேட்டிலும் எழுதி வைத்திருப்பதில்லை. எழுதச் சொன்னாலும் வராது. பழுது வரும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஒட்டும். சில பழுதுகள் ஆண்டுக்கொரு முறைதான் வரும். ஆகவே இரண்டு ஆண்டாவது இருவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இதில் யாரும் பேசாத ஒன்று, அந்த ஃபிட்டர் கற்றுக்கொடுக்க விரும்புகிறாரா என்பது. அவருக்குத் தெரிந்ததும் மற்றவருக்குத் தெரியாததும்தான் இத்தனை காலம் அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்த மறுமாதமே தன்னை வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டால்? இப்படி நினைப்பவரைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குச் சம்பளமும், பயிற்றுநர் என்ற பதவியும், 58 அல்லது 60-க்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்து போக ஓர் ஏற்பாடும் எழுத்தில் கொடுத்தால் கணக்கு மாறும்.

ஏனென்றால் அந்த வயதுக்குப் பிறகு பலரால் சும்மா இருக்க முடியாது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. தனியார் ஆலைகள் பலவற்றில் இன்னும் 58-தான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷனும் 58-இல் தொடங்குகிறது. அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்தக் கணக்கில் 35 ஆண்டு முழுமையாகச் சேவை செய்தால்கூட மாதம் 8,000 ரூபாயைத் தொடாது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. பென்ஷனை 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ.-யில் ஐந்து ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும் என்பதும் தெரியாது. 55 வயதில் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்ல நிறுவனத்துக்குச் செலவு ஒரு தேநீர்.

ஓய்வுக்குப் பிறகு அதே ஆளை ஒப்பந்தத்தில் திரும்ப எடுப்பது இங்கே வழக்கம்தான்; சம்பளம் மட்டும் பாதியாகிவிடும். ஜப்பானில் நாகசாவா போக்குவரத்து என்ற நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் இதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். அதே லாரி, அதே வேலை, சம்பளம் மட்டும் சுமார் 20 சதவீதம் குறைவு. 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குப் பின் சம்பளம் ஓரளவு குறைவது தவறில்லை என்றது. ஆனால் விடுப்பே எடுக்காமல் வந்ததற்கான படியை மறுப்பது தவறு என்றது. வயதாகிவிட்டதால் வேலைக்குத் தவறாமல் வருவதன் மதிப்பு குறைந்துவிடுவதில்லை அல்லவா.

நம் ஊரில் இதைவிடப் பெரிய பொறி பணிக்கொடையில் இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவரை லேசான வேலைக்கு மாற்றுவது நல்ல யோசனையாகத் தெரியும். லேசான வேலைக்குக் குறைந்த சம்பளம் என்பதும் நியாயமாகத் தெரியும். ஆனால் பணிக்கொடை கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து, எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது: ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து. 26,000 ரூபாய் வாங்கியவருக்கு முப்பது ஆண்டுக்கு 4,50,000 ரூபாய் வரும். கடைசி இரண்டு ஆண்டு 20,800 ரூபாய்க்கு இறங்கியிருந்தால் 3,60,000. ஊனமுற்றதால் சம்பளம் குறைந்தவருக்கு, குறைவதற்கு முந்தைய காலத்தைப் பழைய சம்பளத்திலேயே கணக்கிடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வெறும் மூட்டுவலிக்கு அந்தக் காப்பு இல்லை.

தொழிலாளிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். 90,000 ரூபாய் போய்விடும் என்று தெரிந்தவர் எந்த முகாமிலும் எந்த மருத்துவரிடமும் முழங்காலைக் காட்ட மாட்டார். தைலம் தேய்த்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். வேலை மாறினாலும் சம்பளமும் பணிக்கொடைக் கணக்கும் மாறாது என்பதை அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியாக முதலில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்கும் தாளை அதற்குப் பிறகு நீட்டலாம்.